ரேடார் புள்ளிகளுக்குள் படகைத் தேடுவது எப்படி: பாம்பன் கடலை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடியும். ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கடலுக்கு இறங்கும். அந்த நேரத்தில் ஒரு ரேடார் திரையில் என்ன தெரியும்? படகு தெரியாது. புள்ளிகள்தான் தெரியும், அதுவும் ஆண்டெனா சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப்புதுப் புள்ளிகளாக. சில புள்ளி படகு, சில புள்ளி அலை, சில புள்ளி மழை. படகு அங்கேயே இருந்தும் சில சுற்றில் புள்ளியே விழாது. எந்தப் புள்ளியிலும் பெயர் எழுதியிருக்காது.

இந்தக் கூட்டத்துக்குள் இருந்து "இது ஒரு படகு, இங்கே இருக்கிறது, இத்தனை வேகத்தில் இந்தப் பக்கம் போகிறது, போன நிமிடம் அங்கே பார்த்ததும் இதே படகுதான்" என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பதுதான் பல இலக்குகளைப் பின்தொடரும் அல்காரிதங்களின் வேலை. விமானப் போக்குவரத்து ரேடார், ஓட்டுநர் இல்லாத கார், சிசிடிவி படத்தில் ஆளைப் பின்தொடரும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இதே கணக்குதான். ராமநாதபுரம் கரையோரம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பாடத்தில் வரும் சிக்கல் அத்தனையும் வடகடலிலும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலிலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கண்ணுக்கு எதிரே நடக்கிறது, வேறு எந்த ஊர்க்காரருக்கும் கிடைக்காத வசதி அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும், பிசகுள்ள புள்ளிகளில் இருந்து படகின் இடத்தையும் வேகத்தையும் மதிப்பிடும் கால்மன் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு அதிலேயே மூழ்கிவிடுகிறார்கள். அது அழகான கணிதம், படிக்க வேண்டியதுதான். ஆனால் கஷ்டம் அங்கே இல்லை. "இந்தப் புள்ளி யாருடையது?" என்ற கேள்வியில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டால், எவ்வளவு நல்ல ஃபில்டரும் தப்பான படகைத் துல்லியமாகப் பின்தொடரும்.

என்னென்ன வேண்டும்

பைத்தான் நிரல்மொழி, அதில் கணக்குக்கு நம்பை, சைபை என்ற தொகுப்புகள், படம் போட மேட்பிளாட்லிப். கணிதத்தில் மேட்ரிக்ஸ் பெருக்கல், திட்ட விலக்கம், நார்மல் பரவல் தெரிந்தால் போதும். சாதாரண லேப்டாப் தாராளம். ரேடார் வாங்க வேண்டாம். அலை பரப்பும் கருவிக்கு உரிமம் வேண்டும், அதோடு இது எல்லையோரக் கடல், பாதுகாப்புக் கெடுபிடி உள்ள இடம். படகுக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் எங்கே போய் வருகிறார்கள் என்று பதிவு செய்வதும் சரியில்லை. யாருக்கு எங்கே மீன் கிடைக்கிறது என்பது அவர்களுடைய பிழைப்பு.

முதலில் ஒரு பொய்க்கடல் செய்யுங்கள்

நிஜத் தரவைத் தேடி ஓடாதீர்கள். நிஜத் தரவில் உண்மையான விடை தெரியாது, அதனால் நீங்கள் எழுதிய நிரல் சரியா தப்பா என்பதும் தெரியாது. சிமுலேஷனில் படகு எங்கே இருந்தது என்பது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அதை ஓட்டியதே நீங்கள்.

பத்து சதுர கிலோமீட்டர் பரப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறு படகு. ஒரு விசைப்படகு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் போகிறது என்றால் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர். கப்பல் ரேடார் ஒன்று நிமிடத்துக்கு 24 சுற்று சுற்றினால் இரண்டு பார்வைக்கு நடுவே 2.5 வினாடி, அதற்குள் படகு நகர்வது 10 மீட்டர். இப்போது அந்த உண்மையை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும், மூன்று விதமாக.

ஒன்று, ஒவ்வொரு அளவீட்டிலும் பிசகு சேருங்கள். கிழக்கு மேற்கிலும் வடக்கு தெற்கிலும் தனித்தனியாக, திட்ட விலக்கம் 40 மீட்டர் என்று வைக்கலாம். இரண்டு, நூற்றுக்குப் பத்துத் தடவை படகின் புள்ளியை விழாமல் விட்டுவிடுங்கள், அதாவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.9. மூன்று, ஒவ்வொரு சுற்றிலும் பரப்பு முழுக்க எழுந்தமானமாகச் சராசரி 20 பொய்ப் புள்ளிகளைத் தூவுங்கள். எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும், பாய்சான் பரவலில் இருந்து எடுத்தால் சரியாக வரும். கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் கலைத்துப் போட்டுவிடுங்கள், எது எந்தப் படகிலிருந்து வந்தது என்ற தடயமே உங்கள் அல்காரிதத்துக்குப் போகக்கூடாது. உண்மை தனிக் கோப்பில் இருக்கட்டும், கடைசியில் மதிப்பெண் போடும்போது மட்டும் அதைத் திறக்க வேண்டும்.

ஒரு சுற்றின் புள்ளிகளைப் படம் போட்டுப் பாருங்கள். ஐந்தாறு உண்மைப் புள்ளிக்கு நடுவே இருபது பொய். கண்ணால் பிரிக்க முடியாது. முப்பது சுற்றின் புள்ளிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் மெல்லக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கோடுகளை, புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு படகு, பொய்ப் புள்ளி இல்லாமல்

முதல் கட்டத்தில் மற்ற ஐந்து படகையும் பொய்ப் புள்ளிகளையும் நிறுத்திவிடுங்கள். ஒரே படகின் வேகம் எவ்வளவு? அடுத்தடுத்த இரண்டு புள்ளியைக் கழித்து 2.5-ஆல் வகுத்தால் வந்துவிடாதா என்று தோன்றும். செய்து பாருங்கள். 40 மீட்டர் பிசகுள்ள இரண்டு புள்ளியைக் கழித்தால் வித்தியாசத்தின் பிசகு சுமார் 57 மீட்டர், அதை 2.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 23 மீட்டர். 44 நாட்! உண்மையில் 8 நாட்டில் போகும் படகின் வேகத்தில் 44 நாட் பிசகு. இந்த ஒரு கணக்கு புரிந்தால் ஃபில்டர் எதற்கு என்பது புரிந்துவிடும்.

ருடால்ஃப் கால்மன் 1960-இல் வெளியிட்ட முறை இரண்டே வேலை செய்கிறது, கணிப்பது, திருத்துவது. படகின் நிலை என்பது நாலு எண்: இரண்டு திசையில் இடம், இரண்டு திசையில் வேகம். "இதே வேகத்தில் போயிருந்தால் இப்போது இங்கே இருக்கும்" என்று முதலில் கணிக்கிறது, கணிப்பின் மேல் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. புள்ளி வந்ததும் இரண்டையும் நம்பகத்தைப் பொறுத்துக் கலக்கிறது.

ஒரு திசையை மட்டும் எடுத்து எண் போட்டுப் பார்ப்போம். கணிப்பு 1200 மீட்டர், அதன் திட்ட விலக்கம் 30. ரேடார் சொல்வது 1260, அதன் திட்ட விலக்கம் 40. வர்க்கப்படுத்தினால் 900, 1600. கலக்கும் விகிதம் 900-ஐ 2500-ஆல் வகுத்தால் வரும் 0.36. ரேடார் சொன்னதற்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசம் 60, அதில் 0.36 பங்கு 21.6. ஆக புது இடம் 1221.6 மீட்டர். புது வேரியன்ஸ் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 900-ஐ 0.64-ஆல் பெருக்கிய 576, அதாவது திட்ட விலக்கம் 24. கணிப்பும் 30, ரேடாரும் 40, இரண்டும் சேர்ந்தால் 24! தனித்தனியாக இருந்ததைவிட இரண்டும் சேரும்போது பிசகு குறைகிறது. நாலு எண், மேட்ரிக்ஸ் என்று போகும்போதும் நடப்பது இதேதான். கையால் ஒருமுறை செய்துவிட்டு அப்புறம் நிரல் எழுதுங்கள்.

கணிக்கும்போது சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். படகு நேராகவே போகும் என்று எழுதி வைக்கவில்லையே, முடுக்கத்தில் வினாடிக்கு வினாடி 0.2 மீட்டர் அளவுக்கு எதிர்பாராத மாற்றம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இந்த எண்ணைப் பூஜ்யமாக விட்டால் ஃபில்டர் சில நிமிடத்தில் தன் கணிப்பையே முழுதாக நம்ப ஆரம்பித்துவிடும், படகு திரும்பினாலும் இது நேராகவே போய்க்கொண்டிருக்கும்.

கேட் போடுங்கள்

இப்போது பொய்ப் புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கணித்த இடத்தைச் சுற்றி ஒரு எல்லை போட்டு, அதற்குள் விழும் புள்ளிகளை மட்டும் பரிசீலிப்பதுதான் கேட். எல்லையை மீட்டரில் வைக்காதீர்கள். "100 மீட்டருக்குள் இருந்தால் எடு" என்று எழுதினால், நன்றாகத் தெரிந்த படகுக்கு அது மிகப் பெரிது, நாலு சுற்றாகக் காணாமல் போன படகுக்கு மிகச் சிறிது. தூரத்தைச் சந்தேகத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி எடுக்க வேண்டும். இதற்கு மஹலநோபிஸ் தூரம் என்று பெயர், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மஹலநோபிஸ்தான்.

மேலே சொன்ன கணக்கில் கணிப்பும் அளவீடும் சேர்ந்த திட்ட விலக்கம் 50 மீட்டர். 100 மீட்டர் தள்ளி விழுந்த புள்ளிக்கு 100-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம், 4. 160 மீட்டர் தள்ளி விழுந்தால் 10.24. இரண்டு திசையில் அளக்கும்போது உண்மைப் புள்ளியில் 99 விழுக்காடு 9.21-க்குள் வந்துவிடும், அது புள்ளியியலில் கை-ஸ்கொயர் (chi-square) அட்டவணையில் உள்ள எண். ஆக முதல் புள்ளி உள்ளே, இரண்டாவது வெளியே. அதே 160 மீட்டர், சந்தேகம் 100 மீட்டராக வளர்ந்துவிட்ட ஒரு படகுக்கு வெறும் 2.56, அதற்கு உள்ளே.

யாருடைய புள்ளி?

கட்டுரையின் நடுநாயகமே இந்தப் பகுதிதான், இங்கே நிதானமாக வாருங்கள். நிறுத்தி வைத்த மற்ற படகுகளையும் இப்போது திரும்பக் கொண்டுவாருங்கள்.

இரண்டு படகு பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, முதல் படகு, இரண்டாம் படகு. இந்தச் சுற்றில் இடது, வலது என்று இரண்டு புள்ளி விழுந்திருக்கின்றன. மஹலநோபிஸ் கணக்கு இப்படி வருகிறது என்று வையுங்கள்: முதல் படகுக்கும் இடது புள்ளிக்கும் 1.0, முதல் படகுக்கும் வலது புள்ளிக்கும் 4.0, இரண்டாம் படகுக்கும் இடது புள்ளிக்கும் 1.5, இரண்டாம் படகுக்கும் வலது புள்ளிக்கும் 9.0. நாலுமே 9.21-க்குள், எல்லாம் கேட்டுக்குள்தான்.

அவசரப்பட்டு, இருப்பதிலேயே சின்ன எண்ணை முதலில் எடுத்தால் முதல் படகுக்கு இடது புள்ளி போய்விடும். இரண்டாம் படகுக்கு மிச்சம் இருக்கும் வலது புள்ளிதான், மொத்தம் 10.0. கொஞ்சம் பொறுத்து எல்லாச் சேர்க்கையையும் பார்த்தால் முதல் படகுக்கு வலது, இரண்டாம் படகுக்கு இடது, மொத்தம் 5.5. இதுதான் நியாயமான பங்கீடு. முதல் படகு தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்தாலும் அதற்கு வேறு வழி இருந்தது, இரண்டாம் படகுக்கு இல்லை.

படகு கூடும்போது எல்லாச் சேர்க்கையையும் எண்ணிப் பார்க்க முடியாது. பத்துப் படகு, பத்துப் புள்ளி என்றாலே 36 லட்சத்துக்கு மேல் சேர்க்கை. இதற்குத்தான் 1955-இல் ஹெரால்டு கூன் ஒரு வழி கொடுத்தார். கோனிக், எகெர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியக் கணித அறிஞர்களின் பழைய வேலையில் இருந்து பிறந்ததால் அதற்கு ஹங்கேரியன் முறை என்றே பெயர் வைத்தார். சைபையின் ஆப்டிமைஸ் பகுதியில் லீனியர் சம் அசைன்மென்ட் என்ற ஃபங்ஷன் தயாராக இருக்கிறது, படகுகள் கிடை வரிசையாக (row), புள்ளிகள் நெடுக்கு வரிசையாக (column) ஒரு செலவு மேட்ரிக்ஸ் கொடுத்தால் குறைந்த மொத்தச் செலவில் பங்கிட்டுக் கொடுத்துவிடும்.

இங்கே இரண்டு நுணுக்கம். கேட்டுக்கு வெளியே உள்ள கட்டங்களில் முடிவிலி போடாதீர்கள், சில சமயம் விடையே இல்லை என்று நின்றுவிடும். ஒரு லட்சம் போல ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டு, விடை வந்ததும் அப்படிப்பட்ட ஜோடிகளைத் தூக்கி எறியுங்கள். இரண்டாவது, "இந்தப் படகுக்கு இந்தச் சுற்றில் புள்ளியே விழவில்லை" என்பதும் ஒரு விடைதான். ஒவ்வொரு படகுக்கும் ஒரு கற்பனைப் புள்ளியைத் தனி நெடுக்கு வரிசையாகச் சேர்த்து, அதற்குக் கேட் அளவையே செலவாகப் போட்டுவிட்டால் யாரையும் கட்டாயப்படுத்திப் பொய்ப் புள்ளியோடு சேர்க்க மாட்டீர்கள்.

தடைக்காலம் முடிந்த நாள் போல நூற்றுக்கணக்கான படகு ஒன்றாகக் கிளம்பினால் மேட்ரிக்ஸ் பெரிதாகும். பயப்பட வேண்டாம். தொண்டிப் பக்கம் போகும் படகின் புள்ளிக்கும் தனுஷ்கோடிப் பக்கம் போகும் படகுக்கும் சண்டையே இல்லை, ஒரு கேட்டும் இன்னொரு கேட்டும் புள்ளியைப் பகிர்ந்தால் மட்டும் அவற்றை ஒரு குழுவில் வைத்து, குழுக் குழுவாகத் தீருங்கள்.

படகு பிறப்பதும் மறைவதும்

எந்தப் படகுக்கும் சேராத புள்ளி மிஞ்சினால் அது புதுப் படகாக இருக்கலாம். ஆனால் உடனே நம்பக்கூடாது, கணக்கு ஏன் என்று சொல்லும்.

50 மீட்டர் திட்ட விலக்கமும் 9.21 எல்லையும் இருந்தால் கேட்டின் ஆரம் சுமார் 152 மீட்டர், பரப்பு 0.072 சதுர கிலோமீட்டர். நம் கடலில் சதுர கிலோமீட்டருக்கு 2 பொய்ப் புள்ளி. ஆக ஒரு கேட்டுக்குள் பொய் விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழில் ஒன்று. புதுப் படகின் வேகம் தெரியாததால் அதன் கேட் இன்னும் பெரிது, இருந்தாலும் குறைத்தே கணக்கிடுவோம். சுற்றுக்கு 20 பொய்ப் புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு தற்காலிகத் தடத்தைத் தொடங்குகிறது. அடுத்த இரண்டு சுற்றிலும் புள்ளி விழுந்தால் உறுதி செய்வேன் என்று விதி வைத்தால், 20-ஐ 49-ஆல் வகுத்து, சுற்றுக்கு 0.4 பொய்ப் படகு. இரண்டரைச் சுற்றுக்கு ஒரு படகு பேய் போல முளைக்கும். தொடர்ந்து ஐந்து புள்ளி கேட்டால்? 20-ஐ 2401-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 120 சுற்றுக்கு ஒன்று, அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று.

அப்படியானால் ஐந்தைத் தொடர்ச்சியாகக் கேட்டுவிடலாமே என்றால், கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.9 உள்ள நிஜப் படகு முதல் புள்ளிக்கு அப்புறம் நாலு தடவை விடாமல் விழும் வாய்ப்பு 0.66 மட்டும். மூன்றில் ஒரு நிஜப் படகு தேர்வில் தோற்றுவிடும். அதனால்தான் ஏழு சுற்றில் ஐந்து என்பது போல விதி வைப்பது வழக்கம். இந்த எண்ணை யாரிடமும் கடன் வாங்காதீர்கள், உங்கள் பொய்ப் புள்ளி அடர்த்தியையும் கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் வைத்து இதே மாதிரி ஐந்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வந்துவிடும்.

நீக்குவது சுலபம். தொடர்ந்து ஐந்து சுற்று புள்ளி விழாவிட்டால் தூக்கிவிடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: பாலத் தூணுக்குப் பின்னால், தீவுக்குப் பின்னால் என்று ரேடார் பார்க்கவே முடியாத இடங்களை வரைபடத்தில் குறித்துவிட்டு, படகு அங்கே நுழைந்தால் காணாமல் போனதாக எண்ணாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் ஒரு முழு பின்தொடர்வான் கையில் இருக்கும். 2016-இல் வந்து வீடியோவில் ஆள், கார் பின்தொடர இன்றும் பலர் பயன்படுத்தும் சோர்ட் என்ற முறையும் இதே கூட்டுதான், கால்மன் ஃபில்டரும் ஹங்கேரியன் முறையும். புள்ளிக்குப் பதில் கேமராப் படத்தில் ஒரு பெட்டி, மஹலநோபிஸ் தூரத்துக்குப் பதில் இரண்டு பெட்டி எவ்வளவு மேற்கவிகின்றன என்ற அளவு, அவ்வளவே.

எங்கே உடையும்

மூன்று இடத்தில் உடையும், மூன்றையும் இந்தக் கடலில் காட்டலாம்.

வலை இறக்கும்போது படகின் வேகம் இரண்டு மூன்று நாட்டுக்கு இறங்கிவிடும், அப்புறம் வட்டமடிக்கும், தூக்கியதும் திரும்ப வேகமெடுக்கும். ஒரே ஒரு இயக்க மாதிரி இதற்குப் போதாது. நேராக ஓடும் மாதிரி ஒன்று, திரும்பும் மாதிரி ஒன்று என்று இரண்டு ஃபில்டரைச் சேர்த்து ஓட்டி, எது இப்போது பொருந்துகிறதோ அதற்கு அதிக எடை கொடுக்கும் ஐஎம்எம் என்ற முறையை 1988-இல் ப்ளோமும் பார்-ஷாலோமும் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் முடுக்கத்துக்குக் கொடுத்த 0.2-ஐக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

அடுத்தது பாம்பன் கால்வாய். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்கு கர்டர் 72.5 மீட்டர் நீளம். அது மேலே ஏறியதும் காத்திருந்த படகுகள் வரிசையாக அதற்கடியில் நுழைகின்றன. சாலைப் பாலத்தில் நின்று பார்க்கும் எவருக்கும் எந்தப் படகு எது என்பதில் சந்தேகமே வராது, ஆனால் 40 மீட்டர் பிசகுள்ள சென்சாருக்கு அந்த வாய்க்குள் எல்லாப் படகும் ஒரே மேகம். இங்கே ஹங்கேரியன் முறை ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு முடிவை எடுத்துவிட்டு அதை மறந்துவிடும். தப்பென்றால் தப்புதான், திரும்பப் போய்த் திருத்த வழியில்லை. 1979-இல் டொனால்ட் ரீட் எழுதிய எம்எச்டி முறை இதற்குப் பொருத்தம். "முதல் படகு முன்னால் போனது" என்ற கதையையும் "இரண்டாம் படகு முன்னால் போனது" என்ற கதையையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, படகுகள் மறுபக்கம் வெளிவந்து பிரிந்ததும் எந்தக் கதை பொருந்துகிறதோ அதை மட்டும் நிறுத்தும். கதைகள் கிளைத்துக்கொண்டே போகும், எனவே நாலைந்து சுற்றுக்கு மேல் பழைய கிளைகளை வெட்டிவிட வேண்டும். எழுதுவது கடினம், ஆனால் குறுகலான இடத்தில் அடையாளம் மாறாமல் காப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, இரண்டு படகு ரொம்ப நேரம் அக்கம்பக்கமாகப் போவது. தடை செய்யப்பட்ட இரட்டைமடி இழுக்கும் ஜோடிப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்குள் விழுந்த எல்லாப் புள்ளியையும் வாய்ப்புக்குத் தகுந்தபடி கலந்து எடுக்கும் ஜேபிடிஏ என்ற முறை உண்டு, பொய்ப் புள்ளி நிறைந்த கடலில் அது நன்றாக நிற்கும். ஆனால் அக்கம்பக்கமாகப் போகும் படகுகளில் இரண்டு தடமும் ஒன்றையொன்று இழுத்து நடுவில் ஒன்றாகிவிடும். ஜோடிப் படகு வரும் இடத்தில் ஜேபிடிஏ-வை அப்படியே போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இவை தவிர, தனித்தனித் தடம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு "இந்தப் பரப்பில் எத்தனை படகு எங்கே அடர்ந்திருக்கிறது" என்று கணக்கிடும் பிஎச்டி ஃபில்டர் (பட்டம் அல்ல, Probability Hypothesis Density) இருக்கிறது, ரொனால்ட் மாலரின் 2003-ஆம் ஆண்டு வேலை. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் நல்லது. தொடக்கத்தில் தொட வேண்டாம்.

நிஜ ரேடாருக்குப் போகும்போது

ரேடார் தருவது கிழக்கு மேற்கு அல்ல, தூரமும் திசைக்கோணமும். தூரம் நன்றாக வரும், கோணம் அவ்வளவு நன்றாக வராது. ஒரு டிகிரி பிசகு 5 கிலோமீட்டரில் 87 மீட்டர், 10 கிலோமீட்டரில் 175 மீட்டர். அதாவது பிசகு வட்டமாக இருக்காது, ரேடாரில் இருந்து பார்க்கும் கோட்டுக்குக் குறுக்கே நீண்ட முட்டை வடிவம், ஒவ்வொரு படகுக்கும் வேறு சாய்வில். அளவீட்டை எக்ஸ் ஒய் ஆக மாற்றும்போது அதன் கோவேரியன்ஸையும் (பிசகின் அளவையும் சாய்வையும் சொல்லும் மேட்ரிக்ஸ்) கூடவே திருப்பித் திருத்துங்கள், இல்லாவிட்டால் மேலே செய்த கேட் எல்லாம் வீண்.

பொய்ப் புள்ளி அடர்த்தி வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காலத்தில் வடகடல். அலை எழும்பினால் அலையின் எதிரொலியும் கூடும், மரத்திலும் ஃபைபரிலும் செய்த நாட்டுப்படகு வல்லத்தின் பலவீனமான எதிரொலி அதற்குள் அமுங்கிவிடும். எனவே அடர்த்தியை ஒரு நிலையான எண்ணாக எழுதாமல், கடந்த சில நிமிடத்தில் எந்தப் படகுக்கும் சேராமல் மிஞ்சிய புள்ளிகளை இடவாரியாக எண்ணி அவ்வப்போது புதுப்பியுங்கள். குருசடைத் தீவு, பாலத் தூண் போல அசையாத பொருள்களை முன்கூட்டியே மறைத்துவிடுங்கள்.

ஏஐஎஸ் (தானாக அடையாளம் அறிவிக்கும் ரேடியோக் கருவி) பொருத்திய கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாங்களே அறிவிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் 2 முதல் 10 வினாடிக்கு ஒரு முறை, சிறிய வகைக் கருவி பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒரு முறை அனுப்பும். இதையும் ரேடாரையும் சேர்க்கும்போது எந்தச் செய்தி எந்த வினாடிக்கு உரியது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 8 நாட் படகின் செய்தி 30 வினாடி பழசாக இருந்தால் இடம் 120 மீட்டர் தள்ளியிருக்கும், 152 மீட்டர் ஆரமுள்ள கேட்டில் அது விளிம்பை ஒட்டிப் போன மாதிரி.

மதிப்பெண் போடுவது

முதல் சோதனைக்கு உண்மை விடைகூட வேண்டாம். படகுக்குச் சேர்த்த ஒவ்வொரு புள்ளியின் மஹலநோபிஸ் வர்க்கத்தையும் சேமித்துச் சராசரி எடுங்கள். இரண்டு திசை அளவீட்டில் அது 2-ஐ ஒட்டி வர வேண்டும். 4 என்று வந்தால் ஃபில்டருக்குத் தன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை, முடுக்க எண்ணை ஏற்றுங்கள் அல்லது 40 மீட்டர் என்று வைத்தது குறைவு. 0.5 என்று வந்தால் தேவையில்லாமல் பயப்படுகிறது, அதனால் கேட் பெருத்துப் பொய்ப் புள்ளியை உள்ளே விடுகிறது. இந்த ஒரு எண் பல வார வேலையை மிச்சப்படுத்தும்.

அப்புறம் உண்மைக் கோப்பைத் திறந்து ஓஸ்பா அளவு எடுங்கள். 2008-இல் ஷூமாக்கரும் வோ என்ற பெயருள்ள இரண்டு பேரும் கொடுத்தது, இடப் பிசகையும் படகு எண்ணிக்கைப் பிசகையும் ஒரே எண்ணில் மீட்டர் கணக்கில் சேர்த்துச் சொல்லும். அதோடு தனியாக, ஒரு படகின் தடம் எத்தனை தடவை வேறு படகுக்குத் தாவியது என்றும் எண்ணுங்கள். பாம்பன் வாய்க்குள் ஓஸ்பா நன்றாகவே இருக்கும், தாவல் மட்டும் கூடும். தேடுதல் மீட்பு வேலையில் காணாமல் போன படகின் கடைசித் தடத்தைப் பார்த்துத்தான் ஆள் அனுப்புவார்கள், அங்கே தாவல் ஒன்று நடந்திருந்தால் ஆட்கள் வேறு படகைத் தேடிப் போய்விடுவார்கள். அதனால் இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

ஒரே ஓட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சீரற்ற எண்ணின் விதையை மாற்றி மாற்றி நூறு தடவை ஓட்டி, சராசரியையும் மிக மோசமான ஓட்டத்தையும் பாருங்கள். அந்த மோசமான ஓட்டத்தின் விதையைக் குறித்துவைத்து, சுற்றுச் சுற்றாகப் படம் போட்டு, எந்தச் சுற்றில் எந்தப் புள்ளி தப்பான படகுக்குப் போனது என்று கண்டுபிடித்த பிறகு, கேட், ஹங்கேரியன், எம்எச்டி எதை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.